‘மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில்...’

“மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.”

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வாக்கியம் ஏறக்குறைய மனப்பாடச் செய்யுள். வானொலியில் கேட்டோம், பிறகு தொலைக்காட்சியில் கேட்டோம், இப்போது கைப்பேசியில் படிக்கிறோம். கருவி மாறியிருக்கிறது, வாக்கியம் மாறவில்லை. அண்மையில் ஒரு மாலை நண்பர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். ‘ஒட்டிய’ என்னும் பெயரெச்சம். “மலையை ஒட்டிய மாவட்டத்துக்கு அறிக்கை இருக்கிறது. மலைக்கு எங்கே?” என்று கேட்டார். (இலக்கணம் கற்றவர்களோடு பழகுவதில் இந்த நன்மையும் உண்டு, இந்தத் தொல்லையும் உண்டு.)

முதலில் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. மலையில் நடப்பவருக்கென்று ஒரு வானிலை அறிக்கை எங்கள் பக்கத்தில் இல்லை, இருக்கவேண்டும், அது இல்லாததால் உயிர்கள் போயிருக்கின்றன. இதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மலையில் யார் நடக்கிறார்கள் என்று வெளியூர் அன்பர்கள் கேட்கலாம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி சுந்தர மகாலிங்கத்தைக் காணப் பல்லாயிரம் பேர் ஏறுகிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு வழியாகக் காட்டழகர் கோயிலுக்குப் போகிறார்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆறு, தேவதானத்தை அடுத்த சாஸ்தா கோவில், ராக்காச்சி அம்மன் கோவில் ஆகிய இடங்களுக்கு விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாகக் குளிக்கப் போகிறார்கள். அடிவாரத்து மாந்தோப்புகளில் காவல் இருப்பவர்கள் உண்டு. செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் குடியிருக்கும் பளியர் மக்களுக்கோ மலைதான் வீடு. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆனபின் மலைக்குள் செல்வதற்குக் கட்டுப்பாடுகள் பெருகியிருக்கின்றன. ஆனாலும் திருவிழா நாட்களில் அது மக்கள் நடமாடும் இடமே. போதாததற்கு 2024 அக்டோபரில் தமிழக அரசே மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்துக் கட்டணம் பெற்றுக்கொண்டு மக்களை அழைத்துச் செல்லத் தொடங்கிவிட்டது. அழைத்துச் செல்பவருக்கு வானத்தைப் பற்றிச் சொல்லும் கடமையும் உண்டல்லவா?

இனி அந்த வாக்கியத்துக்கு வருவோம். ‘ஓரிரு இடங்களில்’ என்பது நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதுபோல ‘அங்கங்கே’ என்ற தோராயப் பேச்சன்று. அதற்குத் திட்டமான பொருள் இருக்கிறது. ஒரு வட்டாரத்திலுள்ள மழை அளவு நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல் மழை பதிவானால் அது ‘ஓரிரு இடங்கள்’. பாதி வரை ‘சில இடங்கள்’. முக்கால் வரை ‘பல இடங்கள்’. அதற்கும் மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆக, ‘இடம்’ என்றால் ஊரன்று, மழைமானி. எங்கள் மாவட்டத்து அன்றாடப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, பிளவக்கல், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி... மலைக்கு மிக நெருங்கி வருவது பிளவக்கல் அணை, அதுவும் அடிவாரம்தான். உச்சியில் ஊற்றித் தீர்க்கும் மழை, கணக்கின்படி, எந்த ‘இடத்திலும்’ பெய்யவில்லை!

‘கனமழை’ என்ற சொல்லிலும் இதே சிக்கல். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.5 மி.மீ. முதல் அதி கனமழை. காலை 8.30 மணிக்கு அளந்து முந்தைய ஒரு நாளின் மழையைக் குறிக்கிறார்கள். வயலுக்கும் கண்மாய்க்கும் இந்தக் கணக்குப் போதும். மலை ஓடைக்குப் போதாது. ஒரு பிற்பகலில் முக்கால் மணி நேரத்தில் 40 மி.மீ. பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பட்டியலில் அது ‘மிதமான மழை’. ஆனால் ஒரு சதுர கிலோமீட்டர் பாறைச் சரிவில் 40 மி.மீ. என்பது 4 கோடி லிட்டர் தண்ணீர். ஐந்து சதுர கிலோமீட்டர் சரிவு ஒரே ஓடையில் வந்து விழுமானால் 20 கோடி லிட்டர். மண்ணும் மரமும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டாலும், மிச்சம் அரைமணிக்குள் கணுக்கால் அளவு ஓடையை ஆள்மூழ்கும் ஆறாக்கிவிடும். எச்சரிக்கைப் பட்டியலில் மஞ்சள் வண்ணம்கூடப் பெறாத மழை இது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2022 ஜூலை 8ஆம் நாள் மாலை அமர்நாத் குகையருகே திடீர் வெள்ளம் வந்து பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். குகையருகே இருந்த தானியங்கி நிலையத்தில் அன்று மாலை 4.30 முதல் 6.30 வரை பதிவான மழை 31 மி.மீ. மட்டுமே. மேகவெடிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். வானிலைத் துறை அவ்வாறன்று என்றது. மணிக்கு 100 மி.மீ. பெய்தால்தான் மேகவெடிப்பு. கருவி இருந்த இடத்துக்கும் மேலே, இன்னும் உயரத்தில், அதிகம் பெய்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். எங்களுக்கு இதில் இரண்டு பாடங்கள் தெரிகின்றன. ஒன்று, கொல்வதற்குப் பெருமழை தேவையில்லை. மற்றொன்று, மழைமானி இருந்தால் மட்டும் போதாது. இரண்டாவதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

எங்கள் மலையின் கதை 2015. அவ்வாண்டு மே மாதம், வைகாசி அமாவாசையை ஒட்டிச் சதுரகிரிக்குப் போயிருந்த பக்தர்களைக் காட்டாற்று வெள்ளம் சூழ்ந்தது. பலர் உயிரிழந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் மலையில் சிக்கிக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 மே 17ஆம் நாள், எங்களுக்குத் தெற்கே இதே மலைத்தொடரில் பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். கூட்டம் அலறியடித்து ஓடிய காட்சியை நாடே பார்த்தது.

இரண்டுமே மே மாதத்து நிகழ்வுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் ஓடையை அஞ்சுவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். வடகிழக்குப் பருவமழை தரும் நீரே எங்கள் கண்மாய்களை நிரப்புகிறது. தென்மேற்குப் பருவமழையோ மலைக்கு அப்பால் கேரளத்தில் பெய்து தீர்ந்து, எங்களுக்குக் காற்றையும் சாரலையும் மட்டும் அனுப்பிவைக்கிறது. கோடைமழையை யாரும் அஞ்சுவதில்லை, வரவேற்கிறோம். ஆனால் மலையைப் பொறுத்தவரை அதுவே வஞ்சகமானது. காலை வெயிலில் கிழக்குச் சரிவு சூடேறுகிறது. நண்பகலுக்குமேல் கிழக்கிலிருந்து கடற்காற்றின் ஈரம் உள்நோக்கி வருகிறது. மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் காற்று அதை எதிர்கொள்கிறது. இரண்டும் முட்டுமிடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. ஓரிரு மணிக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு முகில் எழுந்து நிற்கிறது. மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ கொட்டுகிறது. அந்நேரம் பஜாரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேற்கே பார்த்தால் மலை மட்டும் இருக்காது. மலை மறைந்துவிட்டது என்றால் அங்கே மழை. எங்கள் ஊரில் குழந்தைகளுக்கும் தெரிந்த வானிலை அறிவு இவ்வளவே.

ஒருமுறை நாங்களே அதில் அகப்பட்டிருக்கிறோம். புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் காட்டழகரைச் சேவித்துவிட்டு நால்வர் இறங்கிக்கொண்டிருந்தோம். புறப்படும்முன் கைப்பேசியில் பார்த்தது ‘பகுதி மேகமூட்டம்’. தலைக்குமேல் வெயில். ஓர் ஓடையைக் கடக்கவேண்டிய இடத்தில், மறுகரையிலிருந்து வந்த பளியர் பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தினார். “செத்த இருங்க சாமி. தண்ணி நெறம் மாறுது” என்றார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் மாறவில்லை. உற்றுப் பார்த்தபோது சருகுகளும் சிறு குச்சிகளும் வழக்கத்தைவிட அதிகமாக மிதந்து வந்தன, அவ்வளவுதான். “மழையே இல்லையே பெரியவரே?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். “இங்க இல்ல. மேல காலையிலேர்ந்து மூடிக் கெடக்கு. வந்தாலும் வரும், வராமலும் போகும். இருந்துட்டுப் போங்க” என்றார்.

வந்தது. கால் மணி நேரத்துக்குள் முழங்கால் அளவு ஓடை மார்பளவாகி, செம்மண் நிறத்தில், கற்களை உருட்டிக்கொண்டு போயிற்று. அந்தக் கற்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசையை எங்களால் இன்றும் மறக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தோம்; பிறகு வடிந்தது; கடந்தோம். ஊருக்கு வந்து விசாரித்தால், தெருப்புழுதி அடங்குமளவுக்குக்கூடத் தூறவில்லை என்றார்கள்.

இதைச் சொல்வதால் பழங்குடி மக்களின் அறிவு போதும், விஞ்ஞானம் வேண்டாம் என்று நாங்கள் கட்சி கட்டுவதாக நினைக்கவேண்டாம். அப்படி எழுதுவது இப்போது ஒரு நாகரிகமாகியிருக்கிறது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெரியவர் எங்களிடம் சொன்னது மந்திரமன்று. மேலே மூடியிருந்ததைப் பார்த்திருந்தார், ஓடையைப் பார்த்தார், இரண்டையும் சேர்த்தார், உறுதியில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மேலே நடப்பதைக் கீழே இருப்பவனுக்கு உரிய நேரத்தில், உரிய இடத்தில் சொல்வது. நல்ல வானிலை நிலையம் ஒன்று செய்யவேண்டியதும் இதைத்தான். ஆனால் ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு பெரியவர் வந்து நிற்கமாட்டார்.

வானத்தைக் கவனிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதியதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், திருப்பாவையின் நான்காம் பாசுரம் முழுவதையும் மழைக்கே கொடுத்திருக்கிறாள். மேகம் கடலில் நீர் கொண்டு எழுந்து, கறுத்து, மின்னி, அதிர்ந்து, பொழிவது வரை வரிசை பிசகாமல் அதில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் நாட்களில் ‘கர்ப்போட்டம்’ பார்த்து, மேகம் கருக்கொள்வதை வைத்து வரும் ஆண்டின் மழையை மதிப்பிடும் சம்சாரிகள் இன்றும் இருக்கிறார்கள். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் இதற்கென்று அத்தியாயங்களே உண்டு. ஆனால் பஞ்சாங்கம் சொல்வது ஓராண்டை. வானிலை மையம் சொல்வது ஐந்தாறு நாட்களை. மாங்கனி ஓடையைக் கடப்பவனுக்கு வேண்டியதோ அடுத்த அரைமணி.

2015க்குப் பிறகு என்ன நடந்தது? தடை வந்தது. பிரதோஷத்தையும் அமாவாசை, பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் மட்டும் சதுரகிரிக்கு அனுமதி என்ற ஏற்பாடு பல ஆண்டுகள் நடந்தது. அந்நாட்களிலும் மாவட்டத்துக்கு மழை எச்சரிக்கை வந்தால் வாயில் மூடப்படும். உயிரைக் காக்கும் நோக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. மலையில் மழை அளவே தெரியாத நிலையில் அதிகாரிகளால் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் தடை வேறு, முன்னறிவிப்பு வேறு. சாத்தூருக்கும் அருப்புக்கோட்டைக்கும் சேர்த்து வந்த ஆரஞ்சு எச்சரிக்கையைக் கொண்டு மலையை மூடும்போது, பல நாள் மலையில் ஒரு துளியும் விழுவதில்லை. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பேருந்து பிடித்து வந்தவர்கள் அடிவாரத்தில் நின்று, தெளிந்த வானத்தைப் பார்த்து, வைதுவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த எச்சரிக்கையை அவர்கள் எப்படி நம்புவார்கள்? மறுபுறம், எச்சரிக்கை எதுவும் இல்லாத வைகாசி மாலையில் திறந்த வாயில் வழியே எல்லோரும் ஏறுகிறார்கள். பொய்யாகும் தடையும் வராத எச்சரிக்கையும் ஒரே குறையின் இரு பக்கங்கள்: நமக்கு மலையைத் தெரியாது.

அறிவியல் முன்னேறவில்லையா என்றால், முன்னேறியிருக்கிறது, நன்றாகவே. இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்கணிப்பு முறை, நாட்டை 6 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. அதற்குமுன் அது 12 கி.மீ. உலக அளவில் பெருமைப்படத்தக்கதே. இருந்தாலும் 6 கி.மீ. கட்டம் ஒன்றில் தாணிப்பாறை அடிவாரமும் மலைப்பாதையின் பெரும்பகுதியும் ஒன்றாக அடங்கிவிடும். கணினிக்கு அடிவாரத்துப் புளியமரமும் மேலே இருக்கும் முகட்டுப் பாறையும் ஒரே கட்டம், ஒரே மழை. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிக்கைக்கு ரேடார் வேண்டும். திருவனந்தபுரத்து ரேடாரும் கொச்சி ரேடாரும் மலைக்கு அந்தப் பக்கம். நடுவே மலை மறிக்கிறது. முகிலின் தலை தெரியும், இடுப்புக்குக் கீழே தெரியாது. காரைக்கால் ரேடார் ஏறக்குறைய 300 கி.மீ. தொலைவில், பூமி வளைந்திருப்பதால் அதன் அலை எங்கள் ஊரை எட்டும்போது பல கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். இராமநாதபுரத்தில் ஒரு ரேடார் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. அங்கிருந்து எங்கள் மலை 130 கி.மீ. அளவில்தான், நடுவே தடையும் இல்லை. அது வரவேண்டும் என்று நாங்கள் ஆண்டாளையே வேண்டிக்கொள்கிறோம்.

ஆனால் ரேடாரே வந்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். உடனடி அறிக்கையின் ஆயுள் மூன்று மணி. தாணிப்பாறையிலிருந்து சாதாரண மனிதர் மேலே போய்ச் சேர நான்கைந்து மணி ஆகிறது. முதியவர்களுக்கு இன்னும் கூடுதல். அடிவாரத்தில் படித்த அறிக்கை பாதி வழியிலேயே காலாவதியாகிவிடும். புதியது வருவதற்குக் கைப்பேசியில் கோபுரம் தெரியவேண்டும். பாதையின் பெரும்பகுதியில் தெரியாது. மின்னலுக்கு ‘தாமினி’, மாநில எச்சரிக்கைக்கு ‘டிஎன்-அலர்ட்’ என்று நல்ல செயலிகள் வந்திருக்கின்றன. எங்கள் கைப்பேசிகளிலும் இருக்கின்றன. வழுக்குப்பாறையைத் தாண்டியதும் அவை மௌன விரதம் பூண்டுவிடுகின்றன. (கோடை பண்பலை மட்டும் சில திருப்பங்களில் தெளிவாகப் பாடுகிறது. சிறிய வானொலிப் பெட்டியை இளைஞர்கள் கேலி செய்தாலும், நாங்கள் அதைப் பையில் வைத்துக்கொள்கிறோம்.)

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று கேட்பவர்களுக்கு, கூப்பிடு தூரத்தில் நடந்ததைச் சொல்கிறோம். 2024 நவம்பரில் மண்டல காலம் தொடங்கியபோது சபரிமலைக்கென்று தனி வானிலை அறிக்கையை வானிலைத் துறை வெளியிடத் தொடங்கியது. நிலக்கல், பம்பை, சன்னிதானம் மூன்றுக்கும் தனித்தனியே. மூன்று இடங்களிலும் மழைமானி வைத்தார்கள். ‘பத்தனம்திட்டை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்’ என்று சொல்லி விட்டுவிடவில்லை. அமர்நாத்தில் 1996இல் பனிப்புயலில் 240 பேருக்கு மேல் மாண்ட பிறகு யாத்திரையின் ஏற்பாடுகளே மாறின. இன்று வழித்தடத்தின் ஒவ்வொரு முகாமுக்கும் முன்னறிவிப்பு தரப்படுகிறது. அவை பெரிய கோயில்கள், பெரிய கூட்டங்கள் என்று சொல்வார்கள். ஆடி அமாவாசையன்று சதுரகிரிப் பாதையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மலையில் ஏறி வானிலையை அளந்த வரலாறும் நெடியது. 1881இல் கிளெமென்ட் ராகி என்பவர் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் (1,345 மீட்டர்) கோடை தொடங்கி இலையுதிர்காலம்வரை நாள்தோறும் ஏறி அளவெடுத்தார். அதே நேரங்களில் அவருடைய மனைவி அடிவாரத்தில் அமர்ந்து அளவெடுத்தார். மேலும் கீழும் ஒரே சமயத்தில் அளந்தால்தான் மலையின் வானிலை புரியும் என்பது அந்தத் தம்பதிக்குத் தெரிந்திருந்தது. (வரலாறு கணவர் பெயரையே பெரிதாக எழுதிவைத்திருக்கிறது, பாதிக் கணக்கு அந்த அம்மையாருடையது.) அவ்வளவு தூரம் போவானேன்? அதற்கும் முன்பே, 1850களில், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரௌன், எங்கள் மலைத்தொடரின் தென்கோடியான அகத்தியர் மலையில், ஆறாயிரம் அடிக்கு மேலே, ஓர் ஆய்வுக்கூடம் கட்டி அளவெடுத்தார். யானைக் காட்டுக்குள் கருவிகளைச் சுமந்து ஏற்றினார்கள். மகாராஜா பணம் கொடுத்தார். 170 ஆண்டுகளுக்கு முன் செய்ய முடிந்ததை, கையடக்கத்தில் தானே அளந்து தானே செய்தி அனுப்பும் கருவிகள் உள்ள காலத்தில் செய்ய முடியாதா? தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் மாநிலமெங்கும் அமைக்கும் திட்டத்தை எடுத்தது. அவற்றில் மூன்றே மூன்று எங்கள் மலைப்பாதைக்குக் கிடைத்தால் போதும்.

மழை மட்டுமன்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்த நாள் அது. எங்கள் மலையிலும் மாசி பங்குனியில் இரவில் தீக்கோடுகள் தெரிகின்றன. மலைக்கான அறிக்கையில் காற்றும் வறட்சியும் இடம்பெற வேண்டும்.

‘பக்தர்கள் கேட்கமாட்டார்கள், சித்தர்கள் காப்பாற்றுவார்கள் என்று போய்க்கொண்டே இருப்பார்கள்’ என்று ஒரு நண்பர் வாதிட்டார். நாங்கள் அதை ஏற்கவில்லை. ‘மாவட்டத்தில் கனமழைக்கு வாய்ப்பு’ என்றால் யாரும் நிற்கமாட்டார்கள், உண்மை. ‘மேலே கோரக்கர் குகைப் பக்கம் அரைமணியாகக் கொட்டுகிறது, சங்கிலிப்பாறையைத் தாண்டாதே’ என்றால் நிற்பார்கள். நாங்கள் நின்றோமே! பொதுவாகச் சொன்னதை மனிதன் அடுத்தவனுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறான்.

அமர்நாத்தின் இரண்டாவது பாடத்தைப் பின்னால் பேசுவதாகச் சொன்னோம். அங்கே கருவி இருந்தும் உயிர்கள் போயின. அளவு கருவியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து ஆணையாகவும் போய்த் திரும்பி வருவதற்குள் ஓடை தன் வேலையை முடித்துவிடும். ஆகவே மேலே உள்ள மழைமானி, அரைமணிக்குக் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், கீழே ஓடைக்கரையில் இருக்கும் காவலருக்கு வனத்துறையின் கம்பியில்லாக் கருவி வழியே நேராகச் செய்தி வரவேண்டும். அவர் யாரையும் கேளாமல் மணியடித்து ஆட்களை நிறுத்தும் அதிகாரம் பெற்றிருக்கவேண்டும். நின்றபின் வெள்ளம் வராமல் போனாலும் அவரை யாரும் விளக்கம் கேட்கக்கூடாது. இந்தக் கடைசி விதியே எல்லாவற்றிலும் கடினமானது என்று எங்களுள் அரசுப் பணியில் இருந்த நண்பர் சொல்கிறார்.

இவற்றையெல்லாம் மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் நுங்கம்பாக்கத்து மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கும் விண்ணப்பமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அதனோடு, பாதையில் வெள்ளம் குறுக்கிடும் இடங்களின் பட்டியல் ஒன்றையும் இணைக்க எண்ணம். சதுரகிரிப் பாதையில் மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை, பிலாவடி கருப்பு சன்னதியை அடுத்த ஓடை ஆகியவற்றைக் குறித்திருக்கிறோம். செண்பகத்தோப்பில் இரண்டு இடங்கள். அய்யனார் கோவில் ஆற்றில் ஒன்று. சாப்டூர் வழியில் ஏறிய அனுபவம் எங்களில் எவருக்கும் இல்லை. அவ்வழியே போய், ஏதேனும் ஓரிடத்தில் தண்ணீருக்காகக் கரையில் காத்திருந்த அன்பர்கள், அந்த இடம், மாதம், நேரம் மூன்றையும் எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொள்வோம்.